ரைஸ் மில் ஊரிலிருந்து ஒரு புதிர் கேம்: உருவாக்குவது எப்படி, உலகத்துக்குக் காட்டுவது எப்படி?

‘நான் கேம் டெவலப்பர்’ என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, “ரம்மியா?” என்றுதான் வரும். அடுத்த கேள்வி, “அதுல சம்பளம் எவ்வளவு?” இரண்டு கேள்விகளுமே நியாயமானவைதான். ஆனால், இரண்டுக்கும் நடுவில் கேட்கப்படாத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு ஆளோ, நான்கைந்து பேர் கொண்ட குழுவோ, பெரிய கம்பெனியின் பணம் இல்லாமல், ஒரு நல்ல புதிர் கேமை உருவாக்கி உலகத்துக்குக் காட்ட முடியுமா? அதையும் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுவயல் மாதிரி ஒரு பேரூரில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியுமா?

முடியும். ஆனால் சும்மா முடியாது. ஏன், எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘வெண்பா’ என்ன செய்தது?

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் ‘வெண்பா’விலிருந்துதான் தொடங்க வேண்டும். கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட கேம் இது. இதன் வடிவமைப்பாளர் அபி, சிறு வயதில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போனவர். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்கிற தமிழ்ப் பெண், அவர் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை இது. இப்படிப்பட்ட கதைகளை வழக்கமாகப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து சொல்வார்கள். இது பெற்றோர் பக்கத்திலிருந்து சொல்கிறது.

கதை சரி, புதிர் எங்கே? சமையலில். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் சிதைந்து, பல வரிகள் அழிந்துபோயிருக்கின்றன. மிச்சம் இருக்கும் படங்களையும் வரிகளையும் வைத்து, விடுபட்டதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது? புட்டுக் குழாயில் எது முதலில் போகும்? பிரியாணிக்கு எது அடியில், எது மேலே?

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் வீட்டு ஆள் இதைப் பார்த்த மாத்திரத்தில் செய்துவிடுவார். இட்லியே சாப்பிடாத ஒரு ஃபின்லாந்துக்காரர், ‘ஆவி எந்த வழியாக மேலே போகும்?’ என்று யோசித்து அதே விடைக்கு வருவார். ஒருவருக்கு அது நினைவு, இன்னொருவருக்கு அது தர்க்கம். டைமர் கிடையாது. தப்பு செய்தால் தண்டனை கிடையாது, திரும்பச் செய்யலாம். மொத்தக் கேமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

2024 மார்ச்சில், தனிக் கேம்களுக்கான ‘இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்’ விழாவின் உச்ச விருதான சீமஸ் மெக்னலி கிராண்ட் பிரைஸ் இதற்குக் கிடைத்தது. அடுத்த மாதமே, பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்ற விருது. ‘உலகத்துக்குப் புரியாது’ என்று நாம் ஒதுக்கிவைக்கும் வீட்டு விஷயமே ஒரு புதிரின் இயந்திரமாக இருக்க முடியும் என்பதை இந்தக் கேம் நிரூபித்தது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

புதிர் கேம் என்றால் என்ன?

கை வேகம் தேவைப்படாத, யோசித்து விடை காணும் கேம் என்று எளிதாகச் சொல்லலாம். டெட்ரிஸ் மாதிரி வேகமும் கலந்தவை உண்டு. ஆனால், தனி ஆட்கள் உருவாக்கும் புதிர் கேம்களில் பெரும்பாலானவை நின்று நிதானமாக யோசிக்கவைப்பவை.

தனி ஆளுக்கு இந்த வகை ஏன் வசதி? பெரிய உலகம் வரைய வேண்டாம். நூறு கதாபாத்திரங்கள் வேண்டாம். ஒரு நல்ல விதி போதும். ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்காரி, 2017இல் நார்டிக் கேம் ஜாம் போட்டியில் சில நாட்களில் ஒரு சின்ன கேமை உருவாக்கினார். கேமின் விதிகளே திரையில் வார்த்தைக் கட்டைகளாக இருக்கும். அவற்றைத் தள்ளி மாற்றினால் விதியே மாறிவிடும். அதுதான் ‘பாபா இஸ் யூ’. அதை வளர்த்து முழு கேமாக வெளியிட்டது 2019 மார்ச்சில். ஐடியாவுக்குச் சில நாள், அதை முழுமையாக்க இரண்டு வருடம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் இது புதிதல்ல. 3 புலி, 15 ஆடு வைத்து விளையாடும் ஆடுபுலி ஆட்டத்தில் எவ்வளவு சின்ன விதி, எவ்வளவு பெரிய யோசனை! வாசலில் போடும் கோலத்துக்குள் இலக்கணம் இருக்கிறது என்று தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970களிலேயே கணினி அறிவியல் கட்டுரைகள் எழுதினார்கள். பொருள் நம்மிடம் நிறையவே இருக்கிறது. அதை ஆடக்கூடிய விதியாக மாற்றும் பழக்கம்தான் குறைவு.

புதுவயலை வைத்தே ஒரு கேம் செய்து பார்ப்போமா?

புதுவயல் என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அரிசி ஆலைகள். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அப்புறம்தான் அரைப்பார்கள். இந்த வரிசையை ஒரு புதிராக மாற்றிப் பார்ப்போம். பயிற்சிக்குத்தான்.

அடிப்படை பழையது. 1982இல் ஜப்பானில் வெளியான ‘சோகோபான்’ கேமில் ஒரு கிடங்கு ஆள் பெட்டிகளைத் தள்ளி அவற்றின் இடத்தில் சேர்ப்பார். தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் மாட்டினால் போச்சு. நம் கேமில் பெட்டிக்குப் பதில் நெல் மூட்டை, கிடங்குக்குப் பதில் மில்.

முதல் விதி: மூட்டை அவியல் கட்டத்தைக் கடந்தால் ஈரமாகிவிடும். ஈர மூட்டை அரவைக்குள் போகாது.

இரண்டாவது விதி: ஈர மூட்டையைக் களத்தில் வைத்துவிட்டு நீங்கள் ஐந்து அடி நடந்தால் அது காய்ந்துவிடும்.

இப்போதே ஆளைக் கூப்பிட்டு ஆடச் சொல்லுங்கள். என்ன நடக்கும்? மூட்டையைக் களத்தில் வைத்துவிட்டு, அங்கேயே முன்னும் பின்னும் ஐந்து அடி நடப்பார். காய்ந்துவிடும். தள்ளிக்கொண்டு போய்விடுவார். புதிரே இல்லை! பேப்பரில் நன்றாகத் தெரிந்த விதி, கையில் செத்துவிட்டது.

ஓட்டையை அடைக்க ஒரு விதி தேவை. அது மில்லிலேயே இருக்கிறது. நெல் அதிகமாகக் காய்ந்தால் அரைக்கும்போது உடைந்து நொய்யாகிவிடும். அதனால், மூன்றாவது விதி: பத்து அடிக்கு மேல் களத்தில் கிடந்தால் மூட்டை வீண்.

இப்போது கதை மாறுகிறது. ஐந்து அடிக்கும் பத்து அடிக்கும் நடுவில் நீங்கள் திரும்பி வர வேண்டும். ஒரு மூட்டை இருந்தால் சுலபம். இரண்டு மூட்டை, ஒரே களம் என்றால்? இரண்டாவது மூட்டையை எடுத்துவர எட்டு அடி தள்ளிப் போக வேண்டும் என்றால், போய்த் திரும்புவதற்குள் முதல் மூட்டை நொய்யாகிவிடும். நான்கைந்து முறை தோற்ற பிறகு ஆடுபவருக்குப் பளிச்சென்று தோன்றும்: முதல் மூட்டையைக் களத்தில் வைப்பதற்கு முன்பே இரண்டாவதைப் பாதி வழிக்குக் கொண்டுவந்து நிறுத்திவைக்க வேண்டும்!

அந்தப் ‘பளிச்’தான் நீங்கள் விற்கிற பொருள். படம், இசை, கதை எல்லாம் அதைச் சுற்றித்தான்.

கவனித்தீர்களா? மூன்றாவது விதியை நாம் அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. ஓட்டை கேட்டது, சேர்த்தோம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர்மாறு: விதி அலுப்பாக இருந்தால் மேலே இன்னொரு விதி, அதற்கு மேலே எலி, பூனை, மழை, லாரி. கடைசியில் எதுவும் ஆழமாக இருக்காது. ஒரு விதியிலிருந்து இனி ஆச்சரியமே வராது என்று உறுதியான பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

லெவல்களை அடுக்குவது எப்படி?

டீச்சர் வேலை மாதிரிதான். முதல் லெவலில் ஒரு மூட்டை, ஒரு வாசல். தப்பு செய்யவே வழி இருக்கக் கூடாது. அடுத்ததில் மூலையில் மாட்டவிடுங்கள். ‘ஒரு அடி பின்னே’ பட்டன் எதற்கு என்று தானாகப் புரியும். (இந்தப் பட்டன் இல்லாத புதிர் கேமை இன்று யாரும் மன்னிக்க மாட்டார்கள்.) மூன்றாவதில் ஈர மூட்டையை அரவை மறுப்பதைக் காட்டுங்கள். எழுத்தில் விளக்கம் எழுதாதீர்கள். போனில் யாரும் படிப்பதில்லை.

ஒவ்வொரு லெவலுக்கும் பக்கத்தில் ஒரே வரி எழுதிவையுங்கள்: ‘இந்த லெவலில் ஆடுபவர் புதிதாக என்ன கண்டுபிடிக்கிறார்?’ பதில் இல்லை என்றால் அந்த லெவலைத் தூக்குங்கள். நூறு லெவல் என்பது பெருமை இல்லை. ஒவ்வொன்றும் புதிதாக ஒன்றைச் சொல்லும் முப்பது லெவல் போதும்.

அப்புறம் சோதனை. போனை ஒருவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். “அண்ணே, அந்த மூட்டையை இப்படி…” என்று நீங்கள் ஆரம்பித்தால் சோதனை முடிந்தது. கேம் ஸ்டோருக்குப் போன பிறகு ஒவ்வொருவர் பக்கத்திலும் நீங்கள் நிற்கப்போவதில்லையே. அவர் எங்கே நிற்கிறார், எங்கே முகம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யோசித்துக்கொண்டு நிற்பது வேறு. என்ன செய்வதென்றே தெரியாமல் நிற்பது வேறு. முதலாவது கேமின் வெற்றி. இரண்டாவது உங்கள் வேலை பாக்கி.

கருவிக்குக் காசு வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ‘பஸில்ஸ்கிரிப்ட்’ என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே ஓடும். நம் மூட்டை கேமின் முதல் வடிவத்தை ஓரிரு நாட்களில் அதில் செய்து பார்க்கலாம். முழு கேமுக்கு ‘கோடோ’ என்ற இன்ஜின் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள், லைசென்ஸ் கட்டணம் கிடையாது.

இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: எழுத்து. ‘கெ’, ‘கை’, ‘கொ’ மாதிரி எழுத்துகளில் கொம்பு முன்னால் வர வேண்டும். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாத இன்ஜினில் அது பின்னால் போய் விழும். ‘கேம்’ என்ற சொல்லே சிதைந்து தெரியும். 2023 மார்ச்சில் வெளியான கோடோ 4 பதிப்பில் இது சரியாக வருகிறது. யூனிட்டியில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் தமிழ் எழுத்துகள் இப்படிச் சிதறும். அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும். முதல் நாளே ஒரு தமிழ் வரியைத் திரையில் போட்டுப் பாருங்கள். கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும்.

செய்து முடித்தாச்சு, காட்டுவது எப்படி?

பல நல்ல கேம்கள் சாகிற இடம் இதுதான். புதிர் கேமுக்கு இங்கே ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சண்டைக் கேமை ட்ரெய்லரில் பார்த்தாலே புரியும். யோசனையை எப்படிப் படம் எடுப்பது? ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வெளியே தெரியும்.

வழிகள் இருக்கின்றன. முதலில் ஒரு வரி: ‘நெல் காய்கிற நேரத்துக்குள் அடுத்த மூட்டையை நகர்த்த வேண்டிய புதிர் கேம்.’ இந்த வரியைக் கேட்டவர் “ஓ, அப்போ இப்படிச் செய்யணுமா?” என்று திருப்பிக் கேட்டால் வரி வேலை செய்கிறது. “அப்படியா, நல்லா இருக்கு” என்றால் செய்யவில்லை.

அடுத்து, பத்து விநாடி வீடியோ. அதில் விதி தெரிய வேண்டும், ஒரு தோல்வி தெரிய வேண்டும். விடை தெரியக் கூடாது. மூட்டை நொய்யாகிற அந்தக் கணத்தில் வெட்டுங்கள். பார்க்கிறவர் மூளை தானாக வேலையைத் தொடங்கிவிடும். ட்ரெய்லரை உங்கள் லோகோவில் தொடங்காதீர்கள். கட்டைவிரல் அதற்குள் அடுத்த ரீலுக்குப் போயிருக்கும்.

மூன்றாவது, டெமோ. கணினி கேம்களுக்கான ஸ்டீம் தளத்தில் வருடத்துக்குச் சில முறை ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ என்ற டெமோ திருவிழா நடக்கும். ஒரு கேம் அதில் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும். அரைகுறையாக இருக்கும்போது அந்த வாய்ப்பை எரித்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் இட்ச் தளத்தில் இலவசமாகப் போட்டு, முன்பின் தெரியாதவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

நேரில் காட்டுவது இன்னொரு கலை. கல்லூரி விழாவோ, இந்திய கேம் டெவலப்பர் மாநாடோ, மேஜை எதுவானாலும் விதி ஒன்றுதான்: முதல் ஒரு நிமிடத்துக்குள் ஆடுபவர் ஏதாவது ஒன்றைத் தானே தீர்த்திருக்க வேண்டும். அவர் எழுந்து போனதும் அடுத்தவருக்கு முதல் லெவலிலிருந்து தொடங்க ஒரு பட்டன். சத்தமான ஹாலில் இசை கேட்காது, ஹெட்போன் கொண்டுபோங்கள். உங்கள் வாழ்க்கைக் கதையைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

செலவு எவ்வளவு?

ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் ஸ்டீமுக்கு. கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரே முறை. ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்களுக்கு இன்னொரு நிபந்தனை: குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். தனியாக வேலை செய்யும் ஆளுக்கு இது தலைவலி. ஆனால், நண்பர்கள் வட்டம் இருக்கிற கல்லூரி மாணவருக்கு இது கஷ்டமே இல்லை.

இதெல்லாம் சின்ன செலவு. பெரிய செலவு உங்கள் நேரம். வேலையை விட்டுவிட்டு இறங்காதீர்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். வெளியாகும் கேம்களில் பெரும்பாலானவை போட்ட உழைப்பைத் திரும்பத் தருவதில்லை. முதல் கேமைச் சிறியதாக, ஆறு மாத வார இறுதிகளில் முடிக்கக்கூடியதாக வையுங்கள். முடித்த ஒரு சின்ன கேம், முடிக்காத ஒரு பெரிய கேமைவிட வேலைத் தேடலிலும் அதிகம் பேசும்.

காப்பி அடித்துவிட்டால்?

அடிப்பார்கள். 2014 பிப்ரவரியில் வந்த ‘த்ரீஸ்’ கேமை உருவாக்க அதன் குழுவுக்கு 14 மாதம் ஆனது. அடுத்த மாதமே அதைப் போன்ற எளிய ‘2048’ஐ, 19 வயது இத்தாலிய இளைஞர் ஒருவர் ஒரு வார இறுதியில் எழுதி இலவசமாகப் போட்டார். உலகம் 2048ஐத்தான் ஆடியது. விதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், ‘வெண்பா’வின் சமையலறையை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் கேமில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த உலகம் இருப்பதுதான் ஓரளவுக்குப் பூட்டு. புதுவயல் மில் களத்தில் நெல் எப்போது திருப்பப்படும் என்பது கலிஃபோர்னியாவில் இருப்பவருக்குத் தெரியாது. அது உங்கள் பலம்.

‘ரம்மியா?’ என்ற கேள்விக்குப் பதில்

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தால் குடும்பங்கள் பட்ட வேதனை உண்மை. மாநில அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதிலிருந்து வந்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்கிறது. அதே சட்டம், பந்தயம் இல்லாத சமூக கேம்களையும் இ-ஸ்போர்ட்ஸையும் தனியாகப் பிரித்து, வளர்க்க வேண்டியவை என்று சொல்கிறது. ஒரு புத்தகம் போல விலை கொடுத்து வாங்கி ஆடும் புதிர் கேம் சூதாட்டம் அல்ல. இந்த வித்தியாசம் சட்டத்தில் வந்துவிட்டது. வீட்டிலும் வங்கியிலும் கல்லூரி முதல்வர் அறையிலும் இன்னும் வரவில்லை.

அங்கேதான் மாற்றம் தேவை. சிறுகதைப் போட்டி, குறும்பட விழா நடத்தும் கல்லூரிகள் ஏன் ஒரு கேம் ஜாம் நடத்தக் கூடாது? காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு வார இறுதி, ஒரு கணினி ஆய்வகம், ஒரு தலைப்பு போதும். அரசு நூலகங்களில் ஒரு மேஜையை உள்ளூர் கேம்களைச் சோதிக்க ஒதுக்கினால் செலவு ஏறக்குறைய பூஜ்ஜியம். அரசின் தமிழ்க் கணிமைத் திட்டங்கள் கேம் இன்ஜின்களில் தமிழ் எழுத்து சரியாக வருவதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டால், அது நூறு பேரின் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

‘வெண்பா’ டொரன்டோவில் உருவானதில் நமக்குப் பெருமை. அதில் ஒரு கேள்வியும் இருக்கிறது. இட்லிப் பானையும் இங்கே, மொழியும் இங்கே, நிரல் எழுதும் ஆட்களும் இங்கே. ஆனால், நம் சமையலறையை வைத்து உலக விருது வாங்கிய கேம் மட்டும் கனடாவிலிருந்து வந்தது. திறமைக் குறைவு காரணம் அல்ல. ‘இதுவும் ஒரு படைப்பு, முயற்சி செய்து பார்’ என்று சொல்லும் சூழல் இங்கே குறைவு. அடுத்த முறை வீட்டுப் பிள்ளை “கேம் செய்கிறேன்” என்றால், “ரம்மியா?” என்று கேட்பதற்கு முன் போனை வாங்கி ஒரு லெவல் ஆடிப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கு இப்போதைக்கு அதுதான் தேவை.